ஒரு ஓட்டு பாக்கி

கல்லோடை மடத்து அடிபம்பு நாலு நாளாகக் காற்றை மட்டும் கக்கிக்கொண்டிருந்தது.

மடத்து அம்மா பம்பின் தலையைக் கழற்றிக் கீழே வைத்திருந்தார். கையில் ஸ்பானர். முழங்கை வரை கிரீஸ். குழாயின் வாயில் காதை வைத்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

தங்கபுஷ்பம் வந்து பக்கத்தில் நின்றாள்.

அம்மாவுக்கு நாற்பத்தொரு வயது. தங்கபுஷ்பத்துக்கு ஐம்பத்து மூன்று. ஆனாலும் இவள் அவரை அம்மா என்பாள், அவர் இவளை அக்கா என்பார். எட்டு வருடமாக வெள்ளிதோறும் வந்து வாசலைப் பெருக்கிவிட்டு, மனசில் கிடப்பதைக் கேட்டுவிட்டுப் போகிறவள். மடத்து அம்மாவின் சீடை என்று யாராவது சொன்னால், "சீடையா முறுக்கா, சரியாச் சொல்லு" என்று ஊரில் சிரிப்பார்கள்.

"அம்மா, ஒரு கேள்வி."

"அந்த வாஷரைப் பிடிங்கக்கா."

தோல் வாஷரைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"ஜனங்க எதை வச்சும்மா ஓட்டுப் போடுறாங்க?"

"தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க?"

"தெரிஞ்சா அதைச் செஞ்சு ஜெயிச்சிருவேன்."

பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலுக்கு ஒன்பது நாள் இருந்தது. பெண்களுக்கு ஒதுக்கிய பஞ்சாயத்து. நின்றது இரண்டு பேர். தங்கபுஷ்பத்துக்கு மூக்குக் கண்ணாடிச் சின்னம். எதிரே காண்ட்ராக்டர் சுடலைமுத்துவின் மனைவி செல்வராணி. அவளுக்குப் பூட்டு சாவி.

தங்கபுஷ்பம் பதவிக்கு ஆசைப்பட்டு நிற்கவில்லை. மகள் அமுதாவுக்காக நின்றாள்.

இரண்டு வருடத்துக்கு முன், ஐப்பசியில், அமுதாவுக்கு வலி எடுத்தபோது ஓடையில் வெள்ளம். ஆம்புலன்ஸ் அக்கரையில் வந்து நின்றது. அதன் சிவப்பு விளக்கு சுற்றுவது இங்கிருந்து தெரிந்தது. கட்டிலோடு தூக்கிக்கொண்டு நெஞ்சளவு தண்ணீரில் இறங்கினார்கள். அக்கரை சேர்வதற்குள் குழந்தை போய்விட்டது. இப்போது மறுபடி எட்டாம் மாதம். ஓடையில் நாலு சிமெண்ட் குழாய் போட்டு மேலே மண் தட்டிவிட்டால் ஆம்புலன்ஸ் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். நாலு நாள் வேலை. ஊர் சொல்லச் சொல்ல, பஞ்சாயத்து வேலைகளை எடுக்கிற காண்ட்ராக்டர் கேட்டுக்கொண்டே இருந்தான், செய்யவில்லை.

"அக்கரைல மதினி வீட்டுல போய் இருன்னா, அமுதா யாருக்கும் பாரமாப் போய் உக்கார மாட்டேங்கா" என்றாள் தங்கபுஷ்பம். "மருமகன் கேரளாவுல. நான் ஒருத்திதான். வானம் கறுத்தாலே ஓடிப் போய் ஓடையைப் பாத்துட்டு வாரேம்மா."

இடுப்பிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். வாக்காளர் பட்டியலைப் பார்த்து அமுதா எழுதிக் கொடுத்தது. வீடு வீடாகப் பெயர்கள். நமக்கு என்றால் சரி. அவர்களுக்கு என்றால் பெருக்கல் குறி. தெரியாதவர்களுக்குக் கேள்விக் குறி.

"மொத்தம் இருநூத்தி எம்பத்தாறு. நூத்தி நாப்பது நமக்கு. நூத்தி நாப்பது அவங்களுக்கு. ஆறு பேர் சந்தேகம்."

"சரி போட்டது எல்லாம் எப்படிப் போட்டீங்க?"

"சாதிக்காரங்க. சொந்தம். அவனுக்கு ஆகாதவங்க. இப்படித்தான்."

"அந்த ஆறுல ஒருத்தர்கிட்ட போய் ஓட்டுக் கேட்டுட்டு வாங்க."

"ஒருத்தர்கிட்டயா?"

"ஒருத்தர்கிட்ட."

அம்மா மறுபடி குழாயில் காதை வைத்தார்.

*

தண்ணீர்த் தொட்டியடியில் ஞானசிகாமணி தனியாக இருந்தார். தொட்டி ஆபரேட்டர். காலையும் மாலையும் வால்வைத் திறந்து மூடுவது அவர் வேலை. மனைவி ஜெபமணி இறந்து பதிமூன்று வருடம். பிள்ளைகள் கிடையாது. ஊரில் யாரிடமும் நின்று பேசமாட்டார்.

தங்கபுஷ்பம் கையைக் கூப்பினாள்.

"அண்ணாச்சி, மூக்குக் கண்ணாடி. மறந்துராதீங்க. ஓடைக்குக் குழாய் போடணும், தெருவுக்கு லைட் போடணும். நம்ம வீட்டுப் பிள்ளை நிக்குதுன்னு நினைச்சு..."

"சரி" என்றார் ஞானசிகாமணி.

கேள்விக் குறியை அடித்துவிட்டு, சரி போட்டுக்கொண்டு திரும்பினாள்.

மறுநாள் மடத்துக்கு வந்தாள்.

"கேட்டீங்களா?" என்றார் அம்மா.

"கேட்டேன்."

"என்ன கேட்டுது?"

தங்கபுஷ்பத்துக்குப் புரியவில்லை. "சரின்னார்."

"அதைத் தவிர?"

"நின்னுகிட்டேதானம்மா பேசினேன். இன்னும் நாலு வீடு இருந்துச்சு."

"கேட்டுட்டு வாங்கன்னேன். சொல்லிட்டு வந்திருக்கீங்க."

*

ஞாயிறு சாயங்காலம் மறுபடி போனாள். இந்த முறை அங்கே கிடந்த இரும்புக் குழாய்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

ஞானசிகாமணி அவளைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். நோட்டு மூடியிருந்தது.

"இன்னும் என்ன தங்கச்சி? அதான் சரின்னுட்டேனே."

"ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. சும்மா."

"சும்மா வந்து உக்கார இது என்ன சினிமாக் கொட்டாயா?"

அவள் எழுந்திருக்கவில்லை. அவர் உள்ளே போய்ப் பால் இல்லாத டீ போட்டார். இரண்டு டம்ளர் இருந்தது. ஒன்றில் தூசி படிந்திருந்தது. அதை இரண்டு தரம் கழுவினார். கொண்டு வந்து கொடுத்தார். வால்வைத் திறந்தார். குழாய்க்குள் தண்ணீர் உறுமிக்கொண்டு ஊர்ப் பக்கம் ஓடியது. அந்தச் சத்தம் அடங்கியதும் வந்து எதிரே உட்கார்ந்தார்.

"நான் பொய் சொல்லிட்டேன்" என்றார். "உனக்குப் போடமாட்டேன். பூட்டு சாவிக்குத்தான் போடுவேன்."

"காண்ட்ராக்டர் மிரட்டுறானா?"

"அவன் கிடக்கான். போன மாசம் பத்துப் பேர் பாக்க என்னை நாயேன்னான்."

"அப்புறம் ஏன் அவனுக்கு?"

"அவனுக்கு இல்ல. பூட்டு சாவிக்கு."

டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஜெபமணி ஒருக்கா வார்டு மெம்பருக்கு நின்னாளே, ஞாபகம் இருக்கா? நீயும் அப்ப இதே வார்டுதான். அவளுக்குப் பூட்டு சாவிதான் சின்னம்."

"இருக்கு அண்ணாச்சி."

"எத்தனை ஓட்டு வாங்கினாங்கிறதும் ஞாபகம் இருக்கும். ஊரே சிரிச்சுச்சே."

தங்கபுஷ்பம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒண்ணு" என்றார். "அறுபத்தோரு ஓட்டுல ஒண்ணு. புருசனாவது போட்டானேன்னு கைதட்டினான் ஒருத்தன். நான் போடல தங்கச்சி."

அவள் நிமிர்ந்தாள்.

"இந்தக் காண்ட்ராக்டரோட அப்பன்தான் அப்ப தலைவர். என்னைக் கூப்பிட்டான். ஓட்டுச் சீட்டுல உன் கைரேகை விழும்ல, எண்ணும்போது லென்ஸ் வச்சுப் பாத்தா யார் குத்தினதுன்னு தெரிஞ்சிரும்லேன்னான். நான் படிக்காதவன். நம்பிட்டேன். தொட்டி வேலை போயிருமேன்னு பயந்து அவன் சொன்ன ஆளுக்குக் குத்திட்டு வந்தேன். சரி, அவ தனக்குத் தானே போட்டுக்கிட்ட ஒண்ணுதான் அதுன்னு நினைச்சேன். எண்ணின அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தா. உலை வச்சா. என் பக்கத்துல உக்காந்து, நீங்களாவது போட்டீங்களேன்னா."

"அப்ப அவங்க?"

"அதைத்தான் கேட்டேன். நீ உனக்குப் போடலியாடின்னேன். தன் பேருக்குத் தானே குத்திக்கிறது அசிங்கமால்லா இருக்கு, தன்னைத் தானே மெச்சிக்கிட்டா எங்க கான்வென்ட் சிஸ்டர் முட்டியிலேயே போடுவாங்கன்னா. எதிர்த்து நின்னவளுக்கே குத்திட்டு வந்திருக்கா, கோட்டிக்காரி."

சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்புறம் ஒம்பது வருசம் இருந்தா. கோவத்துல என்னைத் திட்ட ஆரம்பிச்சா, நடுவுல நிறுத்திருவா. ஆயிரம் இருந்தாலும் அன்னைக்கு நீங்க ஒருத்தர்தானே எனக்குப் போட்டீங்கம்பா. நான் தலையை ஆட்டுவேன். சாகுற அன்னைக்கும் ஆட்டினேன்."

தொட்டியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று விழுந்தது.

"அதுக்கப்புறம் எந்த எலெக்சன் வந்தாலும் பூட்டு சாவி எங்க இருக்குன்னு பாத்து அதுலதான் குத்துவேன். யாரோ ஒரு சுயேச்சைக்கு இருக்கும். ஆள் யாருன்னு பாக்கிறதில்ல. இந்தத் தடவை அது இவன் பொண்டாட்டிக்கு விழுந்திருக்கு. நான் என்ன செய்ய?"

டம்ளரைக் கீழே வைத்து, "அந்த ஒண்ணு மட்டும் யாருன்னு தெரிஞ்சா போதும்" என்றார். "கையெடுத்துக் கும்பிட்டுருவேன்."

தங்கபுஷ்பம் டம்ளரைக் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டு வந்தாள்.

*

தங்கபுஷ்பம் சொல்லி முடிக்கும் வரை அம்மா ஸ்பானரைத் தொடவில்லை.

"அந்த ஒண்ணு யாருன்னு தெரியுமா அக்கா?"

"தெரியும்." தங்கபுஷ்பம் பம்பின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான்தாம்மா."

காகம் ஒன்று வாளி விளிம்பில் உட்கார்ந்து, தண்ணீர் இல்லாததைப் பார்த்துவிட்டுப் போனது.

"ஏன் போட்டீங்க?"

"என்ன சொல்ல... அன்னைக்கு நல்ல வெயில். நீள வரிசை. அமுதா கைப்பிள்ளை, ஒரே அழுகை. முன்னாடி ஜெபமணி நின்னா. திரும்பி, கொண்டாங்கன்னு பிள்ளையை வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டா. அவ்வளவுதான்."

"ஓட்டுக் கேட்டாங்களா?"

தங்கபுஷ்பம் யோசித்தாள்.

"இல்ல. பிள்ளை பேரைக் கேட்டா."

அம்மா ஸ்பானரைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"இப்பப் போய்ச் சொல்லிரட்டுமா அம்மா? சொன்னா பூட்டு சாவியை விட்டுட்டு எனக்குப் போட்டுருவாரு."

"போட்டுருவார்."

"அப்ப சொல்லட்டுமா?"

"யாருக்காகச் சொல்லப் போறீங்க?"

தங்கபுஷ்பத்துக்குக் கோபம் வந்தது. எட்டு வருடத்தில் முதல் முறை அம்மாவிடம் குரல் உயர்ந்தது.

"எனக்காகத்தான். எம் பிள்ளைக்காகத்தான். தண்ணியில நின்னு பாத்தவ நான். அதுல என்ன தப்பு?"

"தப்புன்னு நான் சொல்லலையே அக்கா."

தங்கபுஷ்பம் நேராகத் தொட்டிக்குப் போனாள். பாதி வழியில் நின்றாள். ஞானசிகாமணி முதுகைக் காட்டி வால்வைத் திருகிக்கொண்டிருந்தார். கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. திரும்பி வந்துவிட்டாள். மறுநாளும் போனாள், திரும்பினாள். தேர்தலுக்கு முந்தின நாள் அவர் பக்கம் வரை போய், "டீ குடிச்சீங்களா அண்ணாச்சி" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தாள்.

*

தேர்தல் அன்று காலையிலிருந்து வண்டிகள் ஓடின. கோயம்புத்தூரில் இருந்தவர்களையும் திருப்பூரில் இருந்தவர்களையும் இரண்டு பக்கமும் வேன் வைத்துக் கூட்டி வந்தார்கள். படுக்கையில் கிடந்தவர்களை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள்.

மூன்றாம் நாள் எண்ணினார்கள்.

பூட்டு சாவி நூற்று நாற்பத்து மூன்று. மூக்குக் கண்ணாடி நூற்று நாற்பத்து இரண்டு.

வெடிச் சத்தம் கேட்டதும் அமுதா துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். தங்கபுஷ்பம் பையைப் பிடித்துக்கொண்டாள். அன்றே அவளை ஓடை தாண்டி நடத்திக் கூட்டிப்போய் மதினி வீட்டில் விட்டாள். ஓடையில் தண்ணீர் கணுக்கால் அளவுதான் இருந்தது. திரும்பி வரும்போது அதில் அவள் ஒருத்தியின் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது.

வீட்டுக்குப் போகாமல் தொட்டிக்குப் போனாள்.

"அண்ணாச்சி, அந்த ஒண்ணு நான்தான்."

ஞானசிகாமணிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு இரும்புக் குழாய்மேல் உட்கார்ந்தார்.

"கைப்பிள்ளை வச்சிருந்தியோ?"

"ஆமா."

"அமுதா" என்றார்.

"பேரு எப்படி அண்ணாச்சி?"

"அன்னைக்கு அதுக்கு மேல அவ தோத்ததைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. வரிசையில ஒரு பிள்ளையை வச்சிருந்தேன், அமுதான்னு பேரு, என் கழுத்துக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டேன்னுடுச்சுன்னு அதையே சொல்லிக்கிட்டு இருந்தா."

கும்பிடுவதற்குக் கையைத் தூக்கினார். தங்கபுஷ்பம் அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினாள்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே தங்கச்சி. நான் மாத்திக் குத்தியிருப்பேனே. நீ ஜெயிச்சிருப்பியே."

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இனிமே நான் எதுல குத்த?" என்றார் ஞானசிகாமணி.

*

வெள்ளிக்கிழமை மடத்து அடிபம்பு தலை மாட்டி நின்றது. தங்கபுஷ்பம் வாசலைப் பெருக்கவில்லை. நேரே வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அடிங்கக்கா, பாப்போம்" என்றார் அம்மா.

அவள் அடித்தாள். காற்று வந்தது. அடித்துக்கொண்டே பேசினாள்.

"ஒரு ஓட்டும்மா. ஒரே ஒரு ஓட்டு. வாயைத் திறந்திருந்தா ஜெயிச்சிருப்பேன்."

"ஜெயிச்சிருப்பீங்க."

"வீட்டுல ஒரு சத்தம் இல்ல. ஒரு டம்ளர் அரிசி போட்டு ஒருத்திக்குப் பொங்குறேன். பிள்ளை அங்க யார் வீட்டுலயோ மெத்தை விரிக்கக்கூடக் கூச்சப்பட்டுக்கிட்டுக் கிடக்கா."

"ம்."

"நேத்து நோட்டை எடுத்து வச்சுக் கணக்குப் பாத்தேன். நூத்தி நாப்பத்தி மூணும் நூத்தி நாப்பத்தி ரெண்டும் இருநூத்தி எம்பத்தஞ்சு. செல்லாத ஓட்டு ஒண்ணுகூட இல்லன்னுட்டாங்க. பட்டியல்ல எம்பத்தாறு. ஒண்ணு பாக்கி. யாரோ ஒருத்தர் போடவே இல்ல. அந்த ஒண்ணு எனக்கு விழுந்திருந்தா குலுக்கலுக்காவது போயிருக்கும். ஊரு பூரா விரலைப் பாத்துட்டேன். எல்லார் விரல்லயும் மை இருக்கு."

குழாய்க்குள் ஏதோ புரண்டது. கலங்கலாக ஒரு வாய்த் தண்ணீர் கொட்டியது. பிறகு தெளிந்து வந்தது.

அம்மா சோப்பை எடுத்துக்கொண்டு குழாயடியில் குந்தினார். பல நாள் கிரீஸ். தேய்த்தார். கருப்புத் தண்ணீர் ஓடியது. ஒவ்வொரு விரலாக வெளுத்து வந்தது.

தங்கபுஷ்பத்தின் கை நின்றது. தண்ணீரும் நின்றது.

"அம்மா, மை எங்கம்மா?"

அம்மா தன் இடது கை விரலைத் திருப்பிப் பார்த்தார். "வைக்கல அக்கா."

"நீங்க ஓட்டுப் போடலியா?"

"அன்னைக்கு விடியவும் குளிச்சு, துவைச்ச சேலை கட்டி, இதோ இந்த இடத்துலதான் உக்காந்திருந்தேன். அவங்க வேன் ரெண்டு தரம் இந்த வாசலைத் தாண்டிப் போச்சு. உங்க ஆட்டோ நாலு தரம்."

"உங்களைப் போய் நான் எப்படிம்மா... நீங்க எனக்குத்தான்னு..."

"நடந்தே போயிருக்கலாம். ஒரு மைல்தான். போகல. அது என் தப்புதான்."

"ஏம்மா போகல?"

அம்மா விரல் இடுக்கில் இருந்த சோப்பு நுரையைத் துடைத்துக்கொண்டார்.

"பதினோரு வருசமா இந்த வாசலுக்கு எல்லாரும் கேக்கத்தான் வர்றாங்க. பிள்ளை பிறக்குமான்னு கேக்குறாங்க. மழை வருமான்னு கேக்குறாங்க. ஜனங்க எதை வச்சு ஓட்டுப் போடுறாங்கன்னு கேக்குறாங்க. ஓட்டு மட்டும் யாரும் கேட்டதில்ல அக்கா."

தங்கபுஷ்பம் இடுப்பிலிருந்து நோட்டை எடுத்தாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். அமுதாவின் கையெழுத்தில், பெயர் இருக்க வேண்டிய இடத்தில், 'மடம்' என்று இருந்தது. எதிரில் சரி. நோட்டிலேயே முதலில் போட்ட சரி அதுதான். பேனா அழுந்திப் பின்பக்கம் வரை தடம் விழுந்திருந்தது.

நோட்டை மூடினாள். கைப்பிடியை விட்டுவிட்டு, ஈரத் தரையில் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

அம்மாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"உங்க பேரு என்னம்மா?"

அம்மா உடனே சொல்லவில்லை. எங்கோ வைத்த பொருளைத் தேடுகிறவர்போல் சும்மா இருந்தார்.

"பாக்கியலட்சுமி" என்றார். "வீட்டுல பாக்கின்னு கூப்பிடுவாங்க."